டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளுக்கு 23 வயது: இனி என்ன?

ராணிப்பேட்டைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 23 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வளர்ச்சியும் கற்பதும் மெதுவாகும் நிலை). 18 முடிந்ததும் சிறப்புப் பள்ளியில் "இனிமே வீட்லயே வச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து டிவியும் செல்போனும்தான். எடை 12 கிலோ கூடிவிட்டது. இரண்டு வருஷமாக ரொம்ப மந்தமாகிவிட்டாள், தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று நாத்தனார் சொல்கிறார். "எங்களுக்கு அப்புறம் பாப்பாவை யார் பாத்துப்பாங்க? இவங்க எத்தனை வயசு வரைக்கும் இருப்பாங்க?" எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

நான் குடியாத்தம். என் தம்பிக்கும் டவுன் சிண்ட்ரோம்தான், இப்போது 46 வயது. அவனால்தான் நான் சிறப்பு ஆசிரியை ஆனேன். 19 வருஷம் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் இருந்திருக்கிறேன். டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் எதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன், மீதி டாக்டர் பொறுப்பு.

முதலில் உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா. எங்கள் வீட்டிலும் தம்பி 30 வயது வரை 'குட்டி'தான். மீசை வந்து, முன்னந்தலை வழுக்கை விழுந்து, அப்போதும் குட்டி. கூப்பிடுவதில் தப்பில்லை, பாசத்தில் கூப்பிடுகிறோம். ஆனால் அந்தச் சொல்லோடு வேறு சில பழக்கங்களும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. வந்தவர்கள் அவன் வயசை அவனிடம் கேட்க மாட்டார்கள், அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா, "கொழந்தைங்க அது" என்பார். கல்யாணப் பந்தியில் அவனுக்குத் தனி இலை கிடையாது, அம்மா இலையிலிருந்து ஊட்டிவிடுவார். 28 வயது வரை அவனைக் குழந்தை டாக்டரிடமேதான் காட்டிக்கொண்டிருந்தோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். அப்பா கைலி நெய்வார், தம்பி தார் சுற்றுவான். நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஊடை நூலை, அதாவது துணியில் குறுக்கே ஓடும் நூலை, சின்னக் குச்சியில் சுற்றி, தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவுக்குள் போடுவார்கள், அதற்குப் பெயர் தார். ராட்டையில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 60 தார் சுற்றுவான். பத்துப் பத்தாகத் தட்டில் அடுக்கி, "அக்கா, தாரு ஆச்சு" என்று குரல் கொடுப்பான். அவனுக்கு 29 வயதில் அந்த 60, 40 ஆனது. அப்புறம் 25. மத்தியானம் ராட்டைக்குப் பக்கத்திலேயே தூங்கிவிடுவான். குரல் கட்டினாற்போல ஆனது, தோல் வறண்டது, மலச்சிக்கல், எடை ஏறிக்கொண்டே போனது. பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இவங்க இப்படித்தாம்மா, வயசாக ஆக மந்தமாயிடுவாங்க" என்றார். நாங்களும் நம்பினோம். அப்பா அவனைச் சோம்பேறி என்று திட்டினார். இரண்டு வருஷம் திட்டு வாங்கினான்.

அப்புறம் வேறு எதற்கோ வேலூர் போனபோது, ஓர் இளம் டாக்டர் அவன் முகத்தைப் பார்த்ததுமே, "தைராய்டு கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். ஒருபோதும் பார்த்ததில்லை. ரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.ஹெச் என்று ஓர் அளவு, தைராய்டு குறையக் குறைய அது ஏறும். 4, 5க்குள் இருக்க வேண்டியது, அவனுக்கு 60ஐத் தாண்டியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான். மூன்றாம் மாதம் 50 தார் சுற்றினான்.

உங்கள் மகளின் எடையும் மந்தமும் இரண்டு வருஷக் கதை என்கிறீர்கள். இந்த வாரமே டி.எஸ்.ஹெச் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவது மிகச் சாதாரணம். அறிகுறி ஒன்றும் தெரியாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய பரிசோதனை. தைராய்டு சரியாக இருந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ராத்திரி அவள் எப்படித் தூங்குகிறாள் என்று ஒரு நாள் விழித்திருந்து பாருங்கள். குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி இழுப்பது, அல்லது சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே முன்னால் கவிழ்ந்து தூங்குவது. கடைசியில் சொன்னதைப் பார்த்து "என்ன அழகாத் தூங்குது பாரு" என்று போட்டோ எடுத்தவர்களை எனக்குத் தெரியும். படுத்தால் மூச்சு அடைக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து தூங்குகிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்தக் கோளாறு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் உண்டு. நாக்கு பெரிதாகத் தெரிவதும், தொண்டை குறுகலும், தசைத் தளர்ச்சியும் சேர்ந்து செய்யும் வேலை. ராத்திரித் தூக்கம் கெட்டால் பகலில் மந்தம், எரிச்சல், பிடிவாதம். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

காது, கண் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காதுத் துளை சிறியது, குறும்பி அடைத்துக்கொள்ளும். வயதாக ஆகக் கேட்கும் திறனும் சீக்கிரம் குறையும். கூப்பிட்டால் திரும்பாதவளைத் "திமிரு" என்போம். கண்புரை நமக்கு 60இல் வருவது இவர்களுக்கு 30, 40இலேயே வரலாம். இதயத்தில் ஓட்டையோடு பிறந்து சின்ன வயதில் ஆபரேஷன் ஆனவள் என்றால், ஆபரேஷன் ஆனதோடு முடிந்தது என்று நினைக்காமல் இதய டாக்டரிடம் தொடர்ந்து காட்டுங்கள். ஓட்டை இல்லாமல் பிறந்தவர்களுக்கும் பெரியவர்களான பிறகு வால்வில் தளர்ச்சி வருவதுண்டு, ஒருமுறை எக்கோ எடுத்துவிடுவது நல்லது. கழுத்து எலும்பின் மேல் இரண்டு கணுக்கள் சிலருக்கு இளகி இருக்கும். நடை மாறினால், கை கால் பலம் குறைந்தால், திடீரென்று சிறுநீர் அடக்க முடியாமல் போனால் உடனே காட்ட வேண்டும். எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். யோகா வகுப்பில் சிரசாசனம், குட்டிக்கரணம் வேண்டாம்.

எடைக்கு ஒரு வார்த்தை. இவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியே நம்மைவிடக் கொஞ்சம் குறைவு. அதே சோறு சாப்பிட்டாலும் கூடுதலாக ஏறும். அதோடு நம் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "அதுக்கு ஆசையா இருக்கும்" என்று ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வருவார்கள். உங்களுடையது மளிகைக் கடை வேறு, மிக்சர் பாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். திட்டிப் பயனில்லை. அவளை எழுந்து நடக்கவைக்க ஒரு வேலை வேண்டும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

தனக்குத்தானே பேசுவது. இதற்காக எத்தனை பேரை மந்திரிக்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள், எத்தனை பேருக்குத் தேவையில்லாத தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி மாளாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்கள் பெரும்பாலும் தனக்குள் பேசிக்கொள்வார்கள். நாம் மனசுக்குள் ஓட்டுவதை அவர்கள் வாய்விட்டு ஓட்டுகிறார்கள். தம்பி ராத்திரி படுத்ததும் அன்றைக்கு யார் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், சித்தப்பா எதற்குக் கத்தினார் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பேசி முடிப்பான். எனக்கு அதில் லாபமும் உண்டு, நான் இல்லாதபோது வீட்டில் நடந்தது முழுக்கத் தெரிந்துவிடும். பேச்சு திடீரென்று அதிகமானால், பயமோ கோபமோ கலந்தால், சாப்பாடு தூக்கம் மாறினால், பிடித்த விஷயத்தில் ஆர்வம் போனால் அது வேறு. மனச்சோர்வு இவர்களுக்கும் வரும். பள்ளி நின்றது அவளுக்கு எப்படிப்பட்ட இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் சிநேகிதிகள், டீச்சர், வேன் டிரைவர், டிபன் பாக்ஸ் எல்லாம் போய்விட்டது. ஏன் போனது என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

சொல்லாமல் விடுவது நம் வழக்கம். எங்கள் அப்பா இறந்தபோது தம்பியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டவனிடம் "அப்பா திருவண்ணாமலை போயிருக்காரு" என்றார்கள். அவனைக் காக்கத்தான் சொன்னார்கள். ஐந்து மாதம் தினம் சாயங்காலம் 6 மணிக்கு வாசலில் போய் நின்றான். ஆறாம் மாதம் சாப்பாட்டைக் குறைத்தான், ராட்டையைத் தொடவில்லை. நான்தான் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "திருவண்ணாமலை இல்ல" என்றான். வீட்டுக்கு வந்து அம்மாவோடு மூன்று நாள் பேசவில்லை. உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் அவளை அங்கே இருக்க விடுங்கள். எல்லாரும் போடும் வாய்க்கரிசியை அவளும் போடட்டும். துக்கம் இவர்களுக்குச் சில மாதம் கழித்து மெதுவாக வெளியே வரும், வரும்போது துக்கம் மாதிரி தெரியாது.

சரி, வேலைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இல்லாத விஷயம் இதுதான், எனக்கு முக்கியமானதும் இதுதான்.

18 வயதோடு பள்ளி முடிவதற்குச் சட்டம் ஒரு காரணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உறுதி சொல்கிறது. அதற்கு மேல் வழி அங்கங்கே தேய்ந்துவிடுகிறது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் இருக்கும் நம்பிக்கை நிலையம் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்துக் கற்றுக்கொடுக்கும் நல்ல இடம், ஆனால் அது சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆனது. பெரியவர்களுக்குச் சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது, மதிப்பீட்டுக்கு ஒருமுறை போய் வரலாம். தினம் போகிற தூரமா அது? அதனால் நீங்கள் தேடும் தொழிற்பயிற்சிக் கூடத்தை உங்கள் கடையிலேயே தொடங்குங்கள் என்பேன். மளிகைக் கடை கிடைத்தது அவள் அதிர்ஷ்டம்.

இவர்களுக்குக் காதால் கேட்டு மனசில் வைப்பது கஷ்டம், கண்ணால் பார்த்து வைப்பது சுலபம். "அந்த அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருக்கிற டப்பாவில் இருந்து நாலு பாக்கெட் எடுத்துட்டு, அப்படியே உப்பையும் நிரப்பிடு" என்றால் பாதியில் காற்றில் போய்விடும். அவள் செய்ய வேண்டிய ஐந்து வேலைகளை ஐந்து போட்டோவாக எடுத்து, வரிசையாக ஒட்டிவையுங்கள். ஒரு வேலை முடிந்தால் ஒரு போட்டோவைத் திருப்பிப் போட வேண்டும். முதல் மாதம் ஒரே வேலை போதும். பேப்பர் கவர் மடிப்பது, ஷாம்பு சரத்தைத் தொங்கவிடுவது, தட்டில் குறைந்த சோப்பை நிரப்புவது. ஒவ்வொரு வேலைக்கும் 'முடிந்தது' என்று கண்ணுக்குத் தெரியும் ஓர் எல்லை வேண்டும். தம்பிக்குப் பத்துத் தார் ஒரு தட்டு. ஒன்பதில் கூப்பிட்டால் எழ மாட்டான். பிடிவாதம் என்று அப்பா சொல்வார், அதே குணம்தான் பத்து வருஷமாக ஒரு தாரிலும் நூல் நழுவாமல் பார்த்துக்கொண்டது. இவர்களுடைய ஒழுங்குப் பித்தை எதிர்த்துச் சண்டை போடாமல் அதையே வேலையாக்குங்கள்.

பணம் கற்றுக்கொடுக்கும்போது எண்ணில் தொடங்காதீர்கள், நிறத்தில் தொடங்குங்கள். இப்போதைய நோட்டுகள் இதற்கென்றே அடித்த மாதிரி இருக்கின்றன. 10 சாக்லேட் நிறம், 50 நீலம், 100 ஊதா, 200 மஞ்சள், 500 சாம்பல். தம்பி டீக்கடைக்கு ஊதா நோட்டைக் கொண்டுபோகக் கூடாது, சாக்லேட் நிறம் இரண்டு கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆறு மாதம் ஆனது. அப்புறம் டீ விலை ஏறி, மறுபடி ஒரு மாதம். இப்போது கடைகளில் பணம் வந்தால் குரல் கொடுக்கும் பெட்டி இருக்கிறதே, உங்கள் கடையில் அதை அவள் பொறுப்பாக்குங்கள். எண்ணிப் பார்க்கத் தெரியாவிட்டாலும், குரல் வந்தால்தான் பையைக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டே வாரத்தில் வந்துவிடும். வந்தவர்களோடு பேச்சும் வரும், எழுந்து நடப்பதும் வரும். கூலி கொடுங்கள். சனிக்கிழமை, அவள் கையில், எல்லார் முன்னாலும். சித்தப்பா தறிக்குத்தான் தம்பி இப்போது தார் சுற்றுகிறான், கணக்குப் போட்டால் பெரிய தொகை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுப்பவன் அவன்.

வாடிக்கையாளர் என்ன சொல்வார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். முதல் மாதம் பரிதாபப்படுவார்கள், இரண்டாம் மாதம் பழகுவார்கள், மூன்றாம் மாதம் "எங்கம்மா இன்னிக்கு அவளைக் காணோம்" என்பார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது. தெருவுக்குத் தெரிந்த பெண் பாதுகாப்பாகவும் இருப்பாள். கதவுக்குப் பின்னால் வளர்ந்தவளுக்கு ஏதாவது நடந்தால் யாருக்கும் தெரியாது.

இதிலிருந்து நாத்தனார் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையை எடுப்பதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, மாதாமாதம் கஷ்டம். இன்னொன்று, வெளியே சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், யாராவது கெடுத்துவிட்டால் என்ற பயம். இரண்டாவதை முதலில் பார்ப்போம். கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் உண்டாகாது, அவ்வளவுதான். கெடுப்பவனை அது தடுக்காது. கெட்டது வெளியே தெரிய இருந்த ஒரு வழியும் அடைபடும். தடுப்பது வேறு. எந்த இடத்தை யார் தொடலாம், யாரோடு தனியாக இருக்கக் கூடாது, 'வேண்டாம்' என்று எப்படிக் கத்துவது, யாரிடம் வந்து சொல்வது என்று படம் போட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாப்பா என்று சொல்லி 23 வயதுவரை மாமா சித்தப்பா மடியில் உட்காரவைத்தால், எந்தத் தொடுதல் தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது நடந்துவிட்டால் அவள் வாக்குமூலத்துக்கு மதிப்பு உண்டு. சிறப்பு ஆசிரியரையோ மொழிபெயர்ப்பாளரையோ உடன் வைத்துக்கொண்டு, வீடியோவில் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

மாதவிலக்கு, மற்ற பெண்களுக்கு வருவது போலத்தான் இவர்களுக்கும். என்னிடம் படித்த பெண்களில் பெரும்பாலோர் நாப்கின் மாற்றுவதை ஒரு வருஷத்துக்குள் கற்றுக்கொண்டார்கள். பொம்மைக்குப் போட்டுக் காட்டினோம், பிறகு சிவப்பு மை தடவி 'மாற்ற வேண்டியது', 'வேண்டாதது' என்று பிரிக்கவைத்தோம், காலண்டரில் பொட்டு வைக்கச் சொன்னோம். ரத்தப்போக்கோ வலியோ ஜாஸ்தி என்றால் மகப்பேறு டாக்டரிடம் மருந்தால் குறைக்கும் வழி கேளுங்கள். பிள்ளைப்பேற்றை இல்லாமலாக்கும் எந்தச் சிகிச்சையையும் அவளுடைய சுதந்திரமான, புரிந்த சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவே சொல்கிறது. நாத்தனார் சம்மதம் அதில் சேராது, உங்கள் சம்மதமும் சேராது.

கல்யாணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கிளப்புவார்கள். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்" என்பார்கள். 21ஆம் குரோமோசோம் உடம்பின் செல்களில் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம். 1959இல் பிரான்ஸில் லெஜூன் குழுவினர் கண்டுபிடித்தது அதைத்தான். தாலி கட்டினால் அது இரண்டாகாது. மறைத்துச் செய்த கல்யாணங்கள் எப்படி முடிந்தன என்று நான் பார்த்திருக்கிறேன், எழுத மனசில்லை. அதே நேரம் ஆசை இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். தம்பி ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பட்டு வேட்டி கேட்பான், மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான். அவனுக்கென்று ஓர் அறை, தாழ்ப்பாள், தட்டிவிட்டு உள்ளே வரும் வீட்டார். இவ்வளவு நாங்கள் செய்தோம். தாமதமாகத்தான் செய்தோம்.

இனி காகிதங்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 18 முடிந்த நாளிலிருந்து சட்டப்படி அவள் பெரியவள்; பெற்றவர்கள் என்பதாலேயே நீங்கள் அவளுடைய காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். இது பலருக்கு வங்கியிலோ சொத்துப் பதிவிலோ மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியவருகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று இருக்கிறது. அதில் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ காப்பாளர் சான்றிதழ் வாங்குங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது, அதனால் நீங்கள் போக வேண்டியது ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகம். பழைய மாற்றுத்திறனாளி அட்டை வேலூர் முகவரியில் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸிலேயே பொழுது போகும். காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவளுடைய சொத்து விவரம் தர வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் காட்ட வேண்டும். உறவுகளுக்கு இது தொந்தரவாகத் தெரியும். எனக்கு இந்தச் சட்டத்திலேயே பிடித்த பகுதி இதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) இல்லாமல் எதுவும் நகராது, அது முதலில். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2023இலிருந்து மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். வீட்டில் யாராவது அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தால், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க வர வழி உண்டு. அவள் பெயரை இப்போதே ஆவணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டை "அவளைப் பார்த்துக்கிறவங்களுக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி வைக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் இப்போது ஒரு விடுதியில் இருக்கிறார். வக்கீலை வைத்து உயிலோ அறக்கட்டளையோ எழுதுங்கள். அவளை வளர்ப்பவர் ஒருவர், பணத்தைப் பார்ப்பவர் இன்னொருவர் என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது.

உங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில், மகனையோ மருமகளையோ உட்காரவைத்து வாக்குறுதி வாங்குவதில் இல்லை. அம்மா கையைத் தவிர வேறு கையால் சாப்பிடத் தெரியாதவளை யாரால் பார்த்துக்கொள்ள முடியும்? மாதத்தில் இரண்டு நாள் அவள் அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ தங்கட்டும். அவள் பையை அவளே எடுத்து வைக்கட்டும். முதல் தடவை அழுவாள், உங்களுக்கும் தூக்கம் வராது. தம்பி முதல்முறை என் வீட்டில் தங்கியபோது அம்மா ராத்திரி 11 மணிக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

எத்தனை வயது வரை? தம்பி பிறந்தபோது 15ஐத் தாண்டாது என்றார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே சராசரி 25தான் இருந்தது. இதய ஆபரேஷனும் ஆன்ட்டிபயாட்டிக்கும் வந்த பிறகு, நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில் இன்று 60ஐத் தொடுகிறது. அதனால் இன்னும் 35 வருஷத்துக்கு மேல் அவள் இருப்பாள் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ஆனால் முதுமை இவர்களுக்குச் சீக்கிரம் வரும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்துக்கான மரபணு அதே 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. மூன்று பிரதி இருப்பதால் கூடுதலாகச் சேர்கிறது. 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லார் மூளையிலும் அந்தப் படிவு வந்துவிடும். மறதி நோயாக வெளியே தெரிவது பெரும்பாலும் 50களில். அதனால் 40 வயதைத் தாண்டி எது மாறினாலும் "மறதி வந்துடுச்சு" என்று முத்திரை குத்திவிடுவார்கள், முன்பு "இவங்க இப்படித்தான்" என்று குத்திய மாதிரியே. தைராய்டு, பி12 வைட்டமின், காது, கண், தூக்கம், மனச்சோர்வு, யாராவது இறந்த துக்கம், இவை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு வேண்டும். அவளுக்கு 23 வயதில் என்னென்ன தெரியும் என்று இப்போதே எழுதி வையுங்கள். எந்தச் சட்டைக்குப் பட்டன் போடுவாள், எத்தனை கவர் மடிப்பாள், யார் பெயரெல்லாம் சொல்வாள், கடைசியாக எடுத்த டி.எஸ்.ஹெச் எவ்வளவு. வருஷம் ஒருமுறை, பிறந்தநாளன்று, செல்போனில் ஐந்து நிமிஷ வீடியோ. பிற்காலத்தில் எந்த டாக்டரும் முதலில் கேட்கப்போவது "முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்றுதான்.

தம்பி நோட்டில் போன தை மாதம் ஒரு வரி எழுதினேன். கருநீல ஊடைக்குக் கறுப்புத் தார் சுற்றி வைத்திருந்தான், 30 வருஷத்தில் முதல் தடவை. மாசியில் இன்னொரு வரி, அதே தப்பு. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா பூஜையறைக்குள் போய்விட்டார். பழைய பக்கங்களைப் புரட்டினேன்: பெயர்கள் அப்படியே இருந்தன, எண்ணிக்கை அப்படியே இருந்தது, பத்துத் தார் ஒரு தட்டு அப்படியே இருந்தது. நிறம் மட்டும்தான் தப்பியது, அதுவும் சாயங்காலத்தில் மட்டும். வேலூருக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, இடது கண்ணை ஆடி கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.